ஓட்டிப் பார்க்காத எண்ணூறு மீட்டர்

கிதாமி சான் வண்டியில் ஏறியதும் முதலில் செய்தது, எங்கள் இரண்டு திரைகளின் பெயர்கள்மேல் நாடா ஒட்டியதுதான். எங்கள் நிறுவனத்தின் வழிகாட்டித் திரைக்குச் சிவப்பு நாடா. போட்டி நிறுவனத்திலிருந்து நிவா சான் கொண்டுவந்த திரைக்கு நீல நாடா.

"இனிமே இந்த வண்டிக்குள்ள கம்பெனி பேரை யாரும் எடுக்கக் கூடாது. சிவப்பு, நீலம். அவ்வளவுதான்" என்றார்.

அவர் ஒரு கார் பத்திரிகையில் எழுதுபவர். வருஷத்துக்கு ஒருமுறை, இலையுதிர்காலத்தில், புதிதாக வந்திருக்கும் வழிகாட்டிக் கருவிகளை ஒரே வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்து, எதன் வரைபடம் எங்கே தப்பு என்று புட்டுப் புட்டு வைப்பார். அந்த இதழைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கருவி வாங்குவார்கள். பிறகு யாரும் குறை சொல்லக் கூடாதென்று, போட்டியிடும் நிறுவனங்களிலிருந்து நிறுவனத்துக்கு ஒருவரை வண்டியிலேயே ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம். அந்த வருஷம் இடம் ஷிகோகு தீவின் தொக்குஷிமா மலைகள். அந்த மலைச் சாலைகளை எங்கள் நிறுவனத்துக்காக ஓட்டி அளந்தவன் நான் என்பதால் என்னை அனுப்பினார்கள். என் பெயர் ஓகிஹாரா. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது.

நாற்பது இடங்கள். திரையில் இருக்கும் சாலை தரையில் இருக்கிறதா, அகலம் சரியா, புதுப் பாலம் ஏறியிருக்கிறதா, மூடிய வழியை எடுத்துவிட்டார்களா என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பார்ப்போம். சரி என்றால் ஒரு புள்ளி. தப்பு என்றால் பூஜ்யம். எந்தெந்த இடம் என்று அன்றைக்குக் காலையில்தான் கிதாமி சான் சொல்வார். இரண்டு நாளில் முப்பது இடம் முடிந்து, சிவப்பும் நீலமும் இருபத்தாறில் சமமாக நின்றன.

மூன்றாம் நாள் காலை, விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தாளை மேஜையில் போட்டார். முப்பத்தொன்றாவதாக எழுதியிருந்தது: ஹினோகுச்சி கணவாய், வனச்சாலை.

மிசோ சூப்பு என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"என்ன ஓகிஹாரா சான், மீன் முள்ளா?" என்றார் நிவா சான்.

"சூடு" என்றேன். ஆறிப்போன சூப்பு அது.

அந்தச் சாலை கணவாயைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் தோச்சிமி என்ற சிற்றூருக்கு இறங்குகிறது. பிப்ரவரியில் அதை அளக்கப் போனேன். கணவாயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு திருப்பம். அதற்கு அப்பால் பனி மூடிக் கிடந்தது. வேலை நடப்பதற்கான மஞ்சள் பலகையும் இருந்தது. மறுபக்கம் சுற்றிப் போய் அங்கிருந்து ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு இன்னொரு நாள் ஆகும். அந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டிய பட்டியலில் பதினெட்டு சாலை பாக்கி. நான் கட்டுமான அலுவலகத்துக்குப் போனேன். வரைபடத் தாளைக் காட்டினார்கள். இன்னும் எண்ணூறு மீட்டர்தான், நடுவில் ஒரு பாலம், மார்ச்சில் பாலம் முடியும், ஜூனில் சாலை திறக்கும் என்றார்கள். தாளைப் பார்த்துக் கோட்டை வரைந்தேன். எப்படிப் பார்த்தது என்று நிரப்பும் கட்டத்தில் 'ஓட்டிப் பார்த்தது, இரு திசையும்' என்று எழுதினேன். தாளில் கண்டது என்று எழுதியிருந்தால் கருவி அந்த வழியை யாருக்கும் காட்டாது; என் பட்டியலிலும் அது முடிந்ததாகச் சேராது. எங்கள் புது வரைபட வட்டு செப்டம்பரில்தான் கடைக்கு வரும். அதற்குள் பாலம் இருக்கும், பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்தக் கோடைகாலத்தில் இரண்டு புயல் அடித்தது. சாலை திறந்ததா என்று விசாரிக்க நான் போன் எடுக்கவே இல்லை. எடுத்தால் தெரிந்துவிடுமே.

ராத்திரி முழுக்கப் பெய்த மழை காலையில் விட்டிருந்தது. கிதாமி சான் ஓட்டினார். நிவா சான் பக்கத்தில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். ஆற்றை ஒட்டிய ஒற்றைச் சாலையில் மேலே ஏறிக்கொண்டிருந்தோம்.

"நேத்து உங்க சிவப்பு நம்மள நெல்லு வயலுக்குள்ள இறக்கப் பாத்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று நிவா சான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அறுப்புக்கு ஆள் பத்தலைன்னு யாராவது சொல்லி அனுப்பியிருப்பாங்க."

வழக்கமாக நான் விட மாட்டேன். அவருடைய நீலம் ஒரு கோயில் படிக்கட்டைச் சாலை என்று காட்டியதைச் சொல்லியிருப்பேன். அன்று வாய் வரவில்லை.

"பாவம், பயந்துட்டார்" என்றார் கிதாமி சான். "முப்பத்தொண்ணு சுவாரசியமான இடம். சிவப்பு என்ன சொல்லுது? மலையத் தாண்டி நேரா போகலாங்குது. நீலம் என்ன சொல்லுது? நடுவுல எண்ணூறு மீட்டர் சாலையே இல்லைங்குது. ரெண்டுல ஒண்ணு புளுகு. நான் இன்னும் பாக்கல. பாக்காம வெச்சிருக்கேன், பண்டிகைப் பலகாரம் மாதிரி."

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சாலை இரண்டாகப் பிரியும் கவட்டை வந்தது. இடப்பக்கம் வனச்சாலை கணவாய்க்கு ஏறுகிறது. வலப்பக்கம் பழைய சாலை ஆற்றோடு போய், மலைகளைச் சுற்றிக்கொண்டு தோச்சிமியில் இறங்குகிறது. கிதாமி சான் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க இறங்கினார். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு குட்டி லாரி, நாங்கள் வந்த அதே வழியில், ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டு வந்து எங்கள் பின்னால் கிறீச்சென்று நின்றது.

நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் குதித்து இறங்கினாள். வனத் தொழிலாளர் கூட்டுறவின் சட்டை, தலையில் ஹெல்மெட்.

"கீழ போக முடியல! பாறை சரிஞ்சு கிடக்கு, சாலையே தெரியல" என்று கத்தினாள். பேச்சு ஒசாகாப் பேச்சு.

"இப்பத்தானே அந்த வழியா வந்தோம்" என்றார் கிதாமி சான்.

"இப்ப வந்தீங்க சரி, இப்ப போக முடியாதுங்கறேன்! இவரைக் கதண்டுக் குளவி கொட்டிருச்சு. மூணு இடத்துல. போன வருஷமே ஒரு தடவ கொட்டி ஆஸ்பத்திரியில கெடந்தவரு."

லாரியின் முன் இருக்கையில் அறுபது வயசுக்காரர் ஒருவர் சாய்ந்திருந்தார். முகம் உப்பிக் கண்கள் கோடாகிவிட்டன. கழுத்திலும் கையிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சு விசிலடிப்பதுபோல வந்தது. இசோபே என்று பெயர். அவள் பெயர் ஹமானா.

"தொடையில அலர்ஜி ஊசி போட்டுட்டேன். எல்லாருக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்க. என்னோடது அலமாரியில வெச்சுட்டு வந்துட்டேன், முட்டாள் நான். இவரோடது ஒண்ணுதான். போட்டு எட்டு நிமிஷம் ஆச்சு. கொஞ்சம் தேறினாரு, இப்பத் திரும்ப ஆரம்பிக்குது. இருபது நிமிஷத்துக்கு மேல அந்த ஊசிய நம்பாதன்னு பயிற்சியில சொன்னாங்க."

மூன்று பேரும் கைபேசியைப் பார்த்தோம். ஒருவருக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

"பக்கத்துல டாக்டர் எங்க?" என்றார் கிதாமி சான்.

"தோச்சிமியில ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்காம். எனக்கு வழி தெரியாது. நான் இங்க வந்தே ரெண்டு மாசந்தான் ஆகுது. தெரிஞ்ச ஆளுக்கு வாயத் தொறக்க முடியல."

கிதாமி சான் வண்டிக்குள் சாய்ந்து இரண்டு திரையிலும் தோச்சிமியைக் கொடுத்தார். சிவப்பு உடனே சொன்னது: கணவாய் வழியாகப் பதினேழு நிமிஷம். நீலம் கொஞ்சம் யோசித்துச் சொன்னது: ஆற்றோரச் சாலையில் சுற்றி ஐம்பத்தெட்டு நிமிஷம்.

"பதினேழு" என்றாள் ஹமானா. "பதினேழுன்னு போட்டிருக்கே! கெளம்புங்க!"

கிதாமி சான் கிளம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். மூன்று நாளாக 'சான்' போட்டு மரியாதையாகக் கிண்டலடித்தவர் சட்டென்று ஒருமைக்கு வந்தார்.

"ஓகிஹாரா. அந்த எண்ணூறு மீட்டர நீ ஓட்டிப் பாத்தியா?"

நான் இதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். யோசிக்கவில்லை. இசோபே சானின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்போது வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"இல்ல" என்றேன். "ஓட்டல."

"அப்புறம் அந்தக் கோடு?"

"ஆபீஸ்ல காட்டின தாளப் பாத்துப் போட்டேன். ஓட்டினேன்னு எழுதினேன். சாலை சேர்ந்திருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

ஹமானாவுக்கு எதுவும் விளங்கவில்லை. எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கிதாமி சான் என் பக்கம் ஓரடி வைத்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"அப்ப நீலம் சொல்றதுதான் சரி. சுத்திப் போக வேண்டியதுதான்" என்றார் அவர்.

"இருங்க" என்றார் நிவா சான். அவருடைய குரலும் மாறியிருந்தது. "நீலத்துல இடைவெளி இருக்குன்னா அங்க சாலை இல்லைன்னு அர்த்தமில்ல. போன வருஷம் எங்க ஆளு தோச்சிமிப் பக்கத்துலேருந்து ஏறினான். வேலை நடக்குதுன்னு நிறுத்திட்டாங்க. அதுக்கு மேல நாங்க பாக்கல. பாக்காதத காலியா விட்டிருக்கோம். அவ்வளவுதான்."

"அவன் எதுவரைக்கும் வந்தான்?"

"வண்டி திருப்புற இடம் ஒண்ணு இருக்கு. அதுவரைக்கும் நிச்சயம். லாரியே திரும்பலாம்னு எழுதியிருக்கான்."

"நான் இந்தப் பக்கத்துலேருந்து கணவாயத் தாண்டி ஒரு திருப்பம் வரைக்கும் போனேன்" என்றேன். "அது சத்தியம். அதுவரைக்கும் நல்ல சாலை. நடுவுல இருக்கறது எண்ணூறு மீட்டர். வண்டி போகலைன்னா... தூக்கிட்டு நடக்கலாம். கணவாய்ல போன் கெடைக்கும். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கு. போன தடவ நான் அங்கேருந்து பேசியிருக்கேன். ஆஸ்பத்திரிக்காரங்கள அந்தத் திருப்புற இடத்துக்கு வரச் சொல்லலாம்."

"நடுவுல ஆறு?"

"ஒரு ஓடை இருக்கு. பாலம் கட்டியிருக்கணும்."

கிதாமி சான் ஒரு நொடி வானத்தைப் பார்த்தார். "ஐம்பத்தெட்டு நிமிஷம் இவர் தாங்க மாட்டார். தூக்குங்க." பிறகு சாவியை என்மேல் எறிந்தார். "நீ ஓட்டு. திருப்பம் வரைக்கும் உனக்குத் தெரியும். அப்புறம் உன் எண்ணூறு மீட்டர். அதையும் நீயே ஓட்டு."

பின்னிருக்கையில் இசோபே சானைச் சாய்த்தோம். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. ஹமானா அவரைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். லாரியிலிருந்த நீலத் தார்ப்பாயையும் கயிற்றையும் கிதாமி சான் அள்ளிக்கொண்டு பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஏறிச் சுருண்டுகொண்டார்.

கிளம்பி இருநூறு மீட்டரில் சங்கிலி. சாலைக்குக் குறுக்கே, ஒரு பூட்டோடு.

"கூட்டுறவுச் சங்கிலி! சாவி எங்கிட்டதான் இருக்கு" என்று ஹமானா இடுப்பிலிருந்த கொத்தை எடுத்தாள். இருபது சாவியாவது இருக்கும். நான் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதுவும் நுழையவில்லை. நாலாவது பாதி நுழைந்து நின்றது.

"வண்டியால இடிச்சுத் தள்ளு!" என்று கிதாமி சான் உள்ளேயிருந்து கத்தினார்.

"குடுங்க இங்க!" என்று ஹமானா கத்தினாள். கொத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவள் அதை இசோபே சானின் முகத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "இதுவா? இதுவா? கண்ணத் தொறங்க பெரிசு, வேலை முடிஞ்சு தூங்கிக்கலாம். இதுவா?" வீங்கிய விரல் ஒன்று உயர்ந்து ஒரு சாவியைத் தொட்டது. பித்தளைச் சாவி. பூட்டு திறந்தது.

ஏற்றம். மழையில் விழுந்த கிளைகளும் உதிர்ந்த கற்களும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் தடுப்பு இல்லாத பள்ளம். வண்டிக்கு இருபுறமும் ஒவ்வொரு முழம்தான் இடம். நான் சாலையை ஒரு நிமிஷம் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அடுத்த வளைவு இடப்பக்கம், அதற்கப்புறம் ஒரு வாய்க்கால் பள்ளம், பிறகு கூர்மையான வலம். எல்லாம் நினைவிலிருந்து வந்தது. ஓட்டிய சாலை உடம்பில் இருக்கும்.

"ஊசி போட்டுப் பதினாறு நிமிஷம்" என்றாள் ஹமானா. "உதடு நீலமா ஆகுது."

கணவாயின் உச்சியில் நிவா சானின் கைபேசி உயிர் பெற்றது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாதீங்க, பேசிக்கறேன்... ஹலோ, தோச்சிமி ஆஸ்பத்திரியா? கதண்டு கொட்டி, ஊசி போட்டு, திரும்ப மோசமாகுது. ஹினோகுச்சி கணவாய்லேருந்து இறங்கறோம்... ஆமா, திறக்கல. தெரியும். நீங்க உங்க பக்கத்துலேருந்து ஏறுங்க. சாலை முடியற எடத்துல லாரி திருப்புற இடம் இருக்கு. அங்க டாக்டர் மருந்தோட வந்து நிக்கணும்... இல்ல, நான் இந்த ஊர் இல்ல... மேப்புல பாத்துச் சொல்றேன்! நம்புங்க!"

அதற்குள் திருப்பம் வந்துவிட்டது. பிப்ரவரியில் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போன இடம். மஞ்சள் பலகை இப்போதும் இருந்தது, சாய்ந்து. அதைத் தாண்டினேன்.

சரளைக் கல். நீலத் திரையில் எங்கள் அம்புக்குறி வெற்றுப் பச்சையில் மிதந்தது. சிவப்புத் திரையில் அது என் கோட்டின்மேல் கச்சிதமாக ஊர்ந்தது. "இந்தச் சாலையில் நேராகச் செல்லவும்" என்றது அதன் பெண் குரல், தேனில் குழைத்தாற்போல. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இந்தக் குரல நிறுத்திடட்டுமா?" என்றார் நிவா சான்.

"நிறுத்திடுங்க."

ஒரு வளைவு, இன்னொரு வளைவு. அதற்கப்பால் பாலம். வெள்ளைக் காங்கிரீட், இருபுறமும் கைப்பிடிச் சுவர், புத்தம் புதுசாக மழையில் கழுவிய பாலம்.

"இருக்கு!" என்று பின்னாலிருந்து கிதாமி சான் கத்தினார். "டேய், பாலம் இருக்குடா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். பாலத்தின் நடுவுக்கு வந்தபோது அந்தக் கோடியில் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் பட்டது. சாலை தொடர வேண்டிய இடத்தில் ஒரு கருத்த வெட்டு தெரிந்தது. மொத்த உடம்பையும் பிரேக்கில் போட்டேன். ஈரக் காங்கிரீட்டில் வண்டி வழுக்கிக்கொண்டே போய், பாலத்தின் விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பாலத்துக்கும் சாலைக்கும் நடுவே மண் நிரப்பவில்லை. நிரப்பியது புயலில் போயிருக்கலாம். மார்பளவு பள்ளம், அதற்கு அப்பால் சரளைச் சாலை மறுபடி தொடங்கியது. தடுப்புப் பலகை பள்ளத்துக்குள் கவிழ்ந்து கிடந்தது.

என் கண்முன்னே நாங்கள் இல்லை. வேறு யாரோ ஒரு குடும்பம் இருந்தது. விடுமுறைக்கு வந்தவர்கள், சங்கிலி திறந்திருந்த ஒரு நாளில், மூடுபனியில், தேன் குரலைக் கேட்டுக்கொண்டு நேராகச் செல்பவர்கள். அந்தக் கோடு இருபதாயிரம் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்கு" என்றார் கிதாமி சான். "அப்புறமா உறைஞ்சு நிக்கலாம்."

தார்ப்பாயை விரித்து, இசோபே சானைச் சாய்ந்தவாக்கில் உட்காரவைத்து, நான்கு மூலையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். பள்ளத்தில் முதலில் நான் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. அவரைத் தலைக்குமேல் வாங்கி அந்தப் பக்கம் தள்ளி ஏற்றுவதற்குள் கிதாமி சானின் கண்ணாடி எங்கோ விழுந்தது, அவர் தேடவில்லை. மேலே ஏறியதும் ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

"பெரிசு, கேக்குதா? போன வாரம் என்ன சொன்னீங்க? ஒசாகாக்காரிக்கு ரம்பம் புடிக்கத் தெரியாதுன்னு சொன்னீங்கல்ல? அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. கேட்டுட்டுத்தான் நீங்க போகணும்" என்று ஹமானா மூச்சிரைக்கப் பேசிக்கொண்டே வந்தாள். "மூச்சு விடுங்க. இன்னொண்ணு. அப்படித்தான். அது கெட்ட பழக்கம் இல்ல, விடாமப் பண்ணலாம்."

பிறகு அவள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். இசோபே சானின் தலை தொங்கியிருந்தது. விசில் சத்தம் கேட்கவில்லை.

"நிக்காத!" என்றார் கிதாமி சான். நாங்கள் ஓடினோம். கை மரத்துப்போனது. தார்ப்பாய் நழுவியது, மறுபடி பிடித்தோம். கீழே எங்கோ ஒரு வண்டி கியர் மாற்றி ஏறும் சத்தம். நிவா சான் ஒரு கையால் தார்ப்பாயைப் பிடித்தபடியே "இங்க! இங்க!" என்று அலறினார்.

வளைவைத் தாண்டி ஒரு பெண் ஓடிவந்தாள். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ், தோளில் பை. பின்னால் ஆக்சிஜன் உருளையோடு இன்னொருவர். அந்த டாக்டர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாலை நடுவிலேயே மண்டியிட்டு, கால்சட்டைக்கு மேலேயே ஊசியைக் குத்தினாள். முகமூடியைப் பொருத்தினாள். அதோடு சேர்ந்த காற்றுப் பையை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம், ஐந்து இருக்கலாம். பிறகு அந்த விசில் சத்தம் மறுபடி கேட்டது. அவ்வளவு அழகான சத்தத்தை அதற்கு முன்போ பின்போ நான் கேட்டதில்லை. ஹமானா சாலையில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். இசோபே சானை ஹெலிகாப்டரில் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பிழைத்துக்கொள்வார் என்றார்கள். இயந்திரத்தில் வாங்கிய காபி டப்பா என் கையில் திறக்காமலேயே இருந்தது. கிதாமி சான் கண்ணாடி இல்லாமல் மதிப்பெண் தாளை மூக்குக்கு அருகில் பிடித்திருந்தார்.

"முப்பத்தொண்ணு. சிவப்பு பூஜ்யம்."

"ஆமா" என்றேன்.

"நீலம் ஒண்ணு."

"இல்ல" என்றார் நிவா சான். "பாலம் நின்னுட்டிருக்கு. எங்க மேப்புல இல்ல. எங்களுக்கும் பூஜ்யம் போடுங்க."

கிதாமி சான் அதையும் எழுதினார். பிறகு என்னிடம், "இந்த மாதிரி ஓட்டாமப் போட்டது இன்னும் எத்தனை?"

"மூணு."

"எல்லாம் மலையா?"

"ரெண்டு மலை. ஒண்ணு அணைக்கட்டுமேல."

"என் பத்திரிகை கடைக்கு வர ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் இருபதாயிரம் பேரையும் வீட்ல உக்காரச் சொல்லவா?" என்றார். "இப்பவே உன் ஆபீஸுக்குப் போனப் போடு. என் முன்னாடி."

என் பிரிவுத் தலைவர் தொகுரா சான் முழுவதையும் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "இதை வேற யாருக்காவது சொன்னியா? அந்தப் பத்திரிகைக்காரன் காதுல மட்டும் விழவே கூடாது, புரியுதா?" என்றார்.

"பக்கத்துலதான் உக்காந்திருக்கார்" என்றேன். கிதாமி சான் போனை நோக்கிக் குனிந்து, "வணக்கம் தொகுரா சான், உடம்பு சௌக்கியமா?" என்றார்.

நிறுவனம் அந்த வாரமே விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. ஐந்து வருஷமாக ஒவ்வொருவரும் அளந்த சாலைகளைத் தோண்டினார்கள். என்னைப்போல எழுதியவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கிதாமி சான் என் பெயரைப் போடவில்லை. மற்றதையெல்லாம் போட்டார். நாற்பது இடம் முடியாததால் அந்த வருஷம் முதல் பரிசு யாருக்கும் இல்லை என்று எழுதினார்.

டிசம்பரில் இசோபே சான் போன் செய்தார். அதுதான் அவர் குரலை நான் கேட்ட முதல் தடவை. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நீதானா அந்தக் கோட்டப் போட்டவன்?" என்றார். ஆமாம் என்றேன். "ஹமானா எல்லாத்தையும் சொன்னா. அந்தப் பாலத்துல மண்ணு இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வண்டியில உக்காந்து சொல்லணும் சொல்லணும்னு பாக்கறேன், நாக்கு அசையல. நீ மிதிச்சியே மிதி, செத்தேன்னே நெனச்சேன்." பிறகு, "பிரேக்கு நல்லாப் போடற" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. சாலை அளக்கும் பிரிவிலிருந்து எடுத்து, வரைபடம் தப்பு என்று கூப்பிடுகிறவர்களின் போனை எடுக்கும் பிரிவில் போட்டார்கள். தண்டனை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். திட்டுவார்கள். உன் மேப்பைத் தூக்கிக் குப்பையில் போடு என்பார்கள். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு, எந்த ஊர், எந்தத் திருப்பம், முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கடைசிக் கட்டத்தில், 'நேரில் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டது' என்று எழுதி என் முத்திரையைக் குத்துகிறேன்.